நூலகத்தில் ஒரு கூண்டு வண்டி: முன்னோடிக் குடியேறிகளைப் பற்றிய சிறுவர் நிகழ்ச்சியைத் திட்டமிடும் முறை

அமெரிக்கப் பொது நூலகங்களின் சிறுவர் பிரிவில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேற்கு நோக்கிச் சென்று குடியமர்ந்த முன்னோடிக் குடியேறிகளின் வாழ்க்கையைக் குழந்தைகள் தம் கையால் செய்து பார்த்து அறியும் நிகழ்ச்சி நீண்ட காலமாக நடத்தப்பட்டுவருகிறது. வெண்ணெய் எடுப்பதும், காகிதத்தில் ஒட்டுப்போர்வை செய்வதும், ஸ்லேட்டில் எழுதுவதும் செலவு குறைந்தவை, ஒரு மணி நேரத்தில் முடியக்கூடியவை என்பதால், புதிதாகப் பணியில் சேர்ந்தவரிடமோ தன்னார்வலரிடமோ இந்தப் பொறுப்பு எளிதில் வந்து சேர்ந்துவிடுகிறது. அவ்வாறு பொறுப்பேற்றிருக்கும், ஆனால் இந்த வரலாற்றை அந்நாட்டுப் பள்ளியில் படித்திராத தமிழ் வாசகர்களை மனத்தில் கொண்டு இக்கட்டுரை எழுதப்படுகிறது. கைவேலைகளைத் தேர்ந்தெடுப்பது இதில் எளிய பகுதி. எந்த இடத்தில், எந்த ஆண்டுகளில், யாருக்கு நடந்த கதையைச் சொல்லப்போகிறோம் என்று முடிவுசெய்வதே கடினமான பகுதி. அதை முடிவுசெய்யாமல் பொருள்களை வாங்கத் தொடங்கக் கூடாது.

முதலில் காலத்தையும் இடத்தையும் குறுக்குதல்

'முன்னோடிகள்' என்ற தலைப்பில் பெரும்பாலும் இரண்டு தனித்தனிக் கதைகள் கலந்துவிடுகின்றன. ஒன்று பயணத்தின் கதை: மிசௌரி மாநிலத்தின் இன்டிபென்டன்ஸ் போன்ற ஊர்களிலிருந்து புறப்பட்டு, சுமார் 2,000 மைல் கடந்து ஒரிகானின் வில்லமெட் பள்ளத்தாக்கை அடைந்த வண்டிப் பயணம். 1843இல் ஏறத்தாழ ஆயிரம் பேர் ஒரே பருவத்தில் இவ்வழியே சென்றதிலிருந்து, 1869 மே 10 அன்று கண்டத்தின் குறுக்கே ரயில் பாதை இணைக்கப்படும்வரை இதன் முக்கியமான காலம் எனலாம். மற்றொன்று குடியமர்ந்தவர்களின் கதை: 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டத்தின்படி 160 ஏக்கர் நிலத்தைப் பெற்று, ஐந்து ஆண்டுகள் அதில் வாழ்ந்து பயிரிட்டு, அதைத் தமதாக்கிக்கொள்ள முயன்றவர்களின் வாழ்க்கை.

இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். குடியமர்ந்த வாழ்க்கையைத் தேர்ந்தால், சாலமன் பட்சர் என்பவர் 1886 முதல் நெப்ராஸ்காவின் கஸ்டர் மாவட்டத்தில் எடுத்த ஒளிப்படங்கள் மிகச் சிறந்த கருவியாக அமையும். மரம் கிடைக்காத அந்தப் புல்வெளியில், வேரோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கிக் கட்டிய வீடுகளின் முன்னே குடும்பங்கள் தங்கள் உடைமைகளை வரிசையாக வைத்துக்கொண்டு நிற்கும் படங்கள் அவை. பெரிதாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டிவிட்டு, "இந்த வீட்டில் எவையெல்லாம் இருக்கின்றன, எவை இல்லை?" என்று கேட்டாலே குழந்தைகள் பத்து நிமிடம் பேசுவார்கள். இக்கட்டுரையில் நான் பயணத்தின் கதையையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். ஏனெனில் அதற்குத் தொடக்கமும் முடிவும் தெளிவாக இருப்பதால், முதன்முறை நடத்துபவருக்கு அது எளிது.

இவ்வாறு குறுக்கிக்கொண்டால் எதைச் சேர்க்கக் கூடாது என்பதும் தானே தெளிவாகிவிடும். கைப்பிடியுள்ள மரப்பலகையில் எழுத்துகள் ஒட்டிய பழைய பாடப்பலகை பல கைவேலைப் பட்டியல்களில் காணப்படும். அது அதற்கு முந்தைய காலனிக் காலத்துக்கு உரியது. சோளத்தட்டை உறையால் செய்யும் பொம்மையும் அழகானதுதான். ஆனால் அது வடகிழக்கில் வாழும் ஹோடினோஷோனி முதலிய தொல்குடி மக்களின் கலை என்பதைச் சொல்லாமல், 'முன்னோடிச் சிறுமியின் பொம்மை' என்று மட்டும் அறிமுகப்படுத்துவது சரியன்று. இடம் இல்லையென்றால் அதை விட்டுவிடலாம்.

அந்த நிலத்தில் ஏற்கெனவே வாழ்ந்தவர்கள்

பழைய நிகழ்ச்சிக் குறிப்புகளை அப்படியே பின்பற்றும்போது மிகுதியாகத் தவறு நேரும் இடம் இதுதான். 'ஆளில்லாத நிலம்', 'வெற்று நிலம்' போன்ற சொற்களை உங்கள் அறிவிப்பிலிருந்தும் பேச்சிலிருந்தும் முற்றாக நீக்கிவிடுங்கள். அந்த வண்டிப் பாதை கான்சா, பானி, லகோட்டா, ஷயான், ஷோஷோனி, கயூஸ் முதலிய மக்களின் நிலங்கள் வழியே சென்றது. வண்டிகளோடு வந்த காலரா அந்த மக்களிடமும் பரவியது. மேய்ச்சல் புல்லும் விறகும் வேட்டை விலங்குகளும் பாதையோரங்களில் குறைந்தன. பின்னர் நிலமே கைமாறியது. பானி மக்கள் 1870களில் நெப்ராஸ்காவை விட்டு, இன்றைய ஒக்லஹோமாவுக்குச் செல்ல நேர்ந்தது.

இதைக் குழந்தைகளுக்கு எப்படிச் சொல்வது? ஒரே வரைபடத்தில் இரண்டு நிறங்களைப் பயன்படுத்துவது நல்ல வழி. ஒரு நிறத்தில் 1840களில் அந்தந்த மக்கள் எங்கே வாழ்ந்தார்கள் என்றும், மற்றொரு நிறத்தில் இன்று அவர்களின் அரசுகள் எங்கே இருக்கின்றன என்றும் குறியுங்கள்: பானி மக்களுக்கு ஒக்லஹோமா, ஷோஷோனி மக்களுக்கு வயோமிங்கின் விண்ட் ரிவரும் ஐடஹோவின் ஃபோர்ட் ஹாலும். இரண்டு நிறங்களுக்கும் இடையிலுள்ள தொலைவைப் பார்த்ததும் குழந்தைகளே 'ஏன்?' என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு ஆறு வயதுக் குழந்தைக்கும் விளங்கும் இரண்டு வாக்கியங்களை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் நின்றபடி அவற்றை யோசிக்க முடியாது. தொல்குடி மக்களைப் பற்றி எப்போதும் இறந்தகாலத்தில் மட்டும் பேசாதீர்கள். இறகுக் கிரீடம் செய்வதும், அவர்களைப் போல் வேடமிடுவதும், வண்டிகளைத் தாக்குவது போன்ற விளையாட்டும் வேண்டவே வேண்டாம்.

திரைப்படங்களின் பழக்கத்தால், வண்டிப் பயணம் என்றதும் தாக்குதல்தான் பெரியவர்களுக்கும் நினைவுக்கு வருகிறது. வரலாற்றாசிரியர் ஜான் அன்ரூவின் கணக்குப்படி, 1840 முதல் 1860 வரையிலான இருபது ஆண்டுகளில் தொல்குடியினரால் கொல்லப்பட்ட பயணிகள் 362 பேர். பயணிகளால் கொல்லப்பட்ட தொல்குடியினர் 426 பேர். பயணிகளில் மிகப் பலர் மாண்டது காலரா முதலிய நோய்களாலும், ஆற்றைக் கடக்கையில் மூழ்கியும், வண்டிச் சக்கரத்தில் சிக்கியுமே. பண்டமாற்றுச் செய்தும், வழிகாட்டியும், ஆற்றைக் கடக்க உதவியும் தொல்குடியினர் பலர் இப்பயணங்களில் பங்கு பெற்றார்கள். பெற்றோர் யாரேனும் கேட்டால் சொல்வதற்கு இந்த விவரங்கள் உங்களிடம் இருக்கட்டும்.

நூல் தேர்வும் இதோடு சேர்ந்தது. அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறுவர் சேவைப் பிரிவு, குடியேறிக் குடும்ப வாழ்க்கையைப் பற்றிச் சிறுவர் நூல்கள் எழுதிய லாரா இங்கால்ஸ் வைல்டர் பெயரில் 1954 முதல் வழங்கிவந்த விருதின் பெயரை, அவருடைய எழுத்தில் தொல்குடியினரும் கறுப்பின மக்களும் சித்திரிக்கப்பட்ட விதத்தைக் காரணம் காட்டி 2018இல் மாற்றியது. அவருடைய நூல்கள் உங்கள் அலமாரியில் இருக்கும், இருக்கவும் வேண்டும். ஆனால் குழுவாக உரக்கப் படிப்பதற்கு அவற்றை எடுக்கும் முன், அந்தப் பக்கங்களை முழுவதும் படித்துப் பாருங்கள். தொல்குடி எழுத்தாளர் ஒருவரின் சிறுவர் நூலும், கறுப்பினக் குடியேறிகளைப் பற்றிய நூல் ஒன்றும் காட்சி மேசையில் கட்டாயம் இடம்பெறட்டும். 1844இல் ஒரிகான் பாதையில் வந்த ஜார்ஜ் வாஷிங்டன் புஷ், அங்கே கறுப்பினத்தவர் குடியேறுவதைத் தடைசெய்த சட்டத்தால் வடக்கே, இன்றைய வாஷிங்டன் மாநிலத்துக்குச் செல்ல நேர்ந்தது. 1877இல் கான்சாஸில் கறுப்பினக் குடும்பங்கள் நிறுவிய நிக்கோடெமஸ் என்னும் ஊர் இன்றும் இருக்கிறது. இத்தகைய செய்திகளைத் தனி மேசையில் ஒதுக்காமல் கதையின் நடுவிலேயே சொல்லுங்கள்.

வயது, எண்ணிக்கை, அறை

ஆறு முதல் பத்து வயது வரையுள்ளவர்களுக்கு, தொண்ணூறு நிமிடங்கள், முன்பதிவோடு அதிகபட்சம் 24 குழந்தைகள் என்று வரையறுத்துக்கொள்வது நல்லது. ஆறு பேர் கொண்ட நான்கு குழுக்கள். குழுவுக்கு ஒரு பெரியவர். அவர்களுக்கு மேலாக, கழுவவும் துடைக்கவும் வாசலைப் பார்க்கவும் இருவர். மூன்று வயதுக்கு உட்பட்ட தம்பி தங்கையர் உடன் வருவார்கள் என்பதால், பொத்தான் போன்ற சிறு பொருள்கள் அவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும்.

அறையையும் நாளையும் ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். பல மாநிலங்களின் வரலாற்றுச் சங்கங்களும் அருங்காட்சியகங்களும், பழைய பாத்திரங்கள், உடைகள், கருவிகளின் மாதிரிகள் நிறைந்த கல்விப் பெட்டிகளை இரவலாகத் தருகின்றன. அவற்றுக்குப் போட்டி அதிகம் என்பதால், நாள் முடிவானவுடனே விண்ணப்பிக்க வேண்டும். கிரீம், டேப், காகிதம் ஆகிய மற்றச் செலவுகளை நூலக நண்பர்கள் குழு ஏற்றுக்கொள்ளக்கூடும். சிறிய பட்டியலாக எழுதிக் கேளுங்கள். உணவு பரிமாறுவதற்கான விதிகள் நூலகத்துக்கு நூலகம் மாறுபடும். ஆகவே வெண்ணெய் செய்வதாக அறிவிப்பு வெளியிடும் முன், மேலாளரிடம் எழுத்தில் அனுமதி பெறுவது அவசியம்.

வண்டியில் எதை ஏற்றுவது

நிகழ்ச்சியின் உயிர்நாடி இதுதான். நேரம் குறைந்தால் மற்ற எதையும் விடலாம், இதை விடக் கூடாது.

வண்ண டேப்பைக் கொண்டு தரையில் பத்து அடி நீளமும் நான்கு அடி அகலமும் உள்ள நீள்சதுரங்களைக் குழுவுக்கு ஒன்றாக ஒட்டுங்கள். பயணிகள் பயன்படுத்திய கூண்டு வண்டியின் அடிப்பலகை ஏறக்குறைய இந்த அளவுதான். குழந்தைகளை உள்ளே நிற்கச் சொல்லி, "இதில்தான் உங்கள் வீடு முழுவதும் போக வேண்டும்" என்று தொடங்குங்கள். வண்டியின் சுமை வரம்பு 2,000 பவுண்டு என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் ஏற்றினால் எருதுகள் மலைப்பாதையில் தளர்ந்துவிடும்.

அடுத்தது உணவு. அக்காலத்து வழிகாட்டிகள் பெரியவர் ஒருவருக்குப் பரிந்துரைத்த அளவு, கோதுமை மாவு 200 பவுண்டு, உப்பிட்ட பன்றி இறைச்சி 150 பவுண்டு, சர்க்கரை 20 பவுண்டு, காப்பி 10 பவுண்டு, உப்பு 10 பவுண்டு; மொத்தம் 390 பவுண்டு. கடையில் கிடைக்கும் ஐந்து பவுண்டு மாவுப் பை ஒன்றைக் கொண்டுவந்து எல்லோர் கையிலும் கொடுத்து, "ஓர் ஆளுக்கு இதுபோல நாற்பது பை" என்று சொன்னால், எண்ணிக்கை எடையாக மாறிவிடும். அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள் கொண்ட குடும்பத்துக்கு, பிள்ளைகளுக்குப் பாதி என்று கணக்கிட்டால், உணவு மட்டுமே 1,170 பவுண்டு. மீதி 830. அதிலிருந்து கூடாரம், படுக்கை, சமையல் பாத்திரங்கள், தண்ணீர்ப் பீப்பாய், கயிறு, சக்கரத்துக்கான மாற்று உறுப்புகள் ஆகியவற்றுக்கு 330 பவுண்டைக் கட்டாயமாகக் கழித்துவிடுங்கள். இப்போது குழந்தைகள் தாமே முடிவுசெய்ய 500 பவுண்டு மட்டும் இருக்கும்.

இதற்கான அட்டைகளை முன்பே தயாரித்துக்கொள்ள வேண்டும். அட்டையின் ஒரு பக்கம் படம், மறுபக்கம் எடை: இரும்பு அடுப்பு 250, பாட்டியின் இழுப்பறைப் பெட்டி 150, ஏர்க் கொழு 100, தச்சுக் கருவிப் பெட்டி 100, ஆடும் நாற்காலி 40, தொட்டில் 30, புத்தகப் பெட்டி 60, விதை மூட்டை 50, சுவர்க் கடிகாரம் 20, பீங்கான் தட்டுகள் 40, மருந்துப் பெட்டி 10, வயலின் 5, தையல் பொருள்கள் 10, கூடுதல் மாவு 200. இவை விளையாட்டுக்காகத் தோராயமாக வைத்த எடைகள் என்பதைக் குழந்தைகளிடம் மறைக்க வேண்டியதில்லை. கூட்டினால் ஆயிரத்துக்கு மேல் வரும். ஆகவே பாதிக்கும் மேற்பட்ட எடையை விட்டுத்தான் ஆக வேண்டும்.

குழு விவாதிக்கும்போது பெரியவர் குறுக்கிடாமல், கூட்டல் கணக்கில் மட்டும் உதவட்டும். சரியான விடை என்று எதுவும் இல்லை என்பதை உடனிருக்கும் பெற்றோருக்கு முன்பே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அவர்கள்தான் முதலில் விடையைச் சொல்லிக் கெடுப்பார்கள். பத்து நிமிடம் கழித்து மணியடித்து, "எருது ஒன்று இறந்துவிட்டது, 200 பவுண்டு இறக்குங்கள்" என்று அறிவியுங்கள். அப்போதுதான் உண்மையான வாக்குவாதம் தொடங்கும். இறக்கிய அட்டைகளை டேப்புக்கு வெளியே வைக்கச் சொல்லிவிட்டு, பாதையோரத்தில் அடுப்புகளும் பெட்டிகளும் நாற்காலிகளும் உண்மையிலேயே இவ்வாறு கைவிடப்பட்டுக் கிடந்தன என்று சொல்லுங்கள். பாட்டியின் பெட்டியை விட்டுவிட்டு வயலினை வைத்துக்கொண்ட குழுவிடம் அதன் காரணத்தைக் கேட்பதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

முடிக்கும் முன் இன்னொரு கேள்வி: "வண்டி நிறைந்துவிட்டது, நீங்கள் எங்கே உட்காருவீர்கள்?" குலுக்கலைத் தாங்கும் வில் (ஸ்பிரிங்) இல்லாத அந்த வண்டியில் பயணம் செய்வதே வேதனை என்பதாலும், எருதுகளின் சுமையைக் குறைக்கவும், பெரும்பாலோர் நடந்தே போனார்கள். நாளொன்றுக்குச் சுமார் 15 மைல் வீதம், நான்கு முதல் ஆறு மாதங்கள். உங்கள் நூலகத்திலிருந்து 15 மைல் தொலைவில் உள்ள, குழந்தைகள் அறிந்த ஊரின் பெயரைச் சொல்லி, "இன்று மாலைக்குள் அங்கே, நாளைக் காலையில் மறுபடியும்" என்றால் போதும்.

இதே பயணத்தைப் பற்றி 1971இல் மினசோட்டாவில் உருவான கணினி விளையாட்டைப் பெற்றோர் பலர் சிறுவயதில் ஆடியிருப்பார்கள். அதைப் போலவே 'நீ நோயால் இறந்துவிட்டாய்' என்ற சீட்டுகளையும் வைக்கலாமே என்று அவர்கள் யோசனை சொல்வார்கள். சிறு பிள்ளைகளுக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. நோயால் பலர் இறந்தார்கள் என்பதை நேராகச் சொல்லலாம். அதைப் பகடை ஆட்டமாக்கினால் சிரிப்புத்தான் மிஞ்சும்.

வெண்ணெய் எடுத்தல்

கறவை மாடு வைத்திருந்த குடும்பங்கள் காலையில் மிஞ்சிய பாலை ஒரு கலத்தில் ஊற்றி வண்டியில் தொங்கவிட, நாள் முழுதும் வண்டி குலுங்கியதில் மாலைக்குள் வெண்ணெய் திரண்டுவிடும். ஆகவே இந்தச் செயல் பயணத்தின் கதையோடு இயல்பாகப் பொருந்துகிறது. மத்தையும் கயிற்றையும் அறிந்த நமக்கு இதில் புதுமை இல்லை. ஆனால் வெண்ணெய் பாலிலிருந்து வருவது என்பதையே அங்குதான் முதன்முதலாக அறியும் பிள்ளைகள் இருப்பார்கள்.

கொழுப்பு 36 விழுக்காட்டுக்குக் குறையாத ஹெவி விப்பிங் கிரீமை வாங்குங்கள்; அதைவிட மெலிந்தது எளிதில் திரளாது. நிகழ்ச்சிக்கு அரை மணி முன்பு குளிர்பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்தால் விரைவில் திரளும். இறுக்கமான மூடியுள்ள சிறு பிளாஸ்டிக் ஜாடிகளில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றி, இரு குழந்தைகளுக்கு ஒரு ஜாடியாகக் கொடுங்கள். கண்ணாடி ஜாடி கை நழுவினால் நிகழ்ச்சியே நின்றுவிடும். குலுக்கத் தொடங்கிச் சில நிமிடங்களில் கிரீம் தடித்து, ஜாடிக்குள் எதுவும் அசையாதது போல் தோன்றும். குழந்தைகள் சோர்வது இந்தக் கட்டத்தில்தான். ஒரு பாட்டையோ எண்ணும் ஆட்டத்தையோ இதற்கென்று வைத்திருங்கள். பத்து முதல் பதினைந்து நிமிடங்களுக்குள் திடீரென்று ஒரு கட்டி பிரிந்து மோரில் மிதக்கும். மோரை வடித்து, வெண்ணெயைக் குளிர்ந்த நீரில் ஒருமுறை அலசி, ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்து, பிஸ்கட்டில் தடவிக் கொடுக்கலாம்.

பாலும் கோதுமையும் ஒவ்வாமை தரும் முக்கிய உணவுகளில் அடங்கும். முன்பதிவுப் படிவத்திலேயே ஒவ்வாமை பற்றிக் கேளுங்கள். அறையின் வாசலிலும் எழுதி ஒட்டுங்கள். ஒவ்வாமையால் இவற்றைத் தொட முடியாத பிள்ளைக்கு, நேரத்தைக் குறித்து எந்த ஜாடி முதலில் திரண்டது என்று பலகையில் எழுதும் பொறுப்பைக் கொடுத்தால் அது ஒதுக்கிவைத்ததாகத் தெரியாது. கை கழுவிய பிறகே ஜாடி கைக்கு வர வேண்டும்.

சிறு மேசைகள்

கடைசி இருபது நிமிடங்களுக்கு மூன்று மேசைகள் போதும். ஒன்றில் கறுப்புக் காகிதமும் சாக்பீஸும், அக்காலப் பள்ளியின் எழுத்துக்கூட்டல் போட்டிக்காக. இன்னொன்றில் ஒன்பது சதுரங்கள் கொண்ட காகித ஒட்டுப்போர்வை. ஒவ்வொரு குழந்தையும் ஒரு பகுதியைச் செய்ய, அனைத்தையும் சேர்த்துச் சிறுவர் பகுதியின் சுவரில் ஒரு மாதம் தொங்கவிடலாம். தப்பிச் செல்லும் அடிமைகளுக்குப் போர்வை வடிவங்கள் ரகசியக் குறியீடுகளாக இருந்தன என்ற கதையை யாராவது சொல்லச் சொல்வார்கள். வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலோர் அதை ஏற்பதில்லை, ஆகவே தவிர்த்துவிடுங்கள். மூன்றாவது மேசையில், பெரிய பொத்தானின் இரு துளைகளிலும் மூன்றடி நூலைக் கோத்து முடிச்சிட்டு, சுழற்றி இழுத்தால் 'விர்'ரென்று பாடும் பொம்மை. மெழுகுவத்தி வார்ப்பதைச் சேர்க்க நினைப்பவர்கள், கொதிக்கும் மெழுகை விட்டுவிட்டு, தேன்மெழுகுத் தகட்டைத் திரியைச் சுற்றி உருட்டும் முறையைக் கையாளலாம்.

அறிவிப்பும் அன்றைய நாளும்

அறிவிப்பில் ஆண்டும் இடமும் இடம்பெறட்டும்: '1850: ஒரிகான் பாதையில் ஒரு நாள்' என்பது பொதுவான தலைப்பைவிடத் தெளிவானது. உடை அணிந்து வரச் சொல்ல வேண்டியதில்லை. சொன்னால் நீங்கள் தவிர்க்க நினைத்த வேடங்களும் வந்துசேரும்.

குழந்தைகள் ஒரே நேரத்தில் வருவதில்லை என்பதால், முதல் பத்து நிமிடங்களுக்கு ஒரு பழுப்புக் காகிதத்தைப் பாறை வடிவில் வெட்டிச் சுவரில் ஒட்டி, வருபவர்கள் தம் பெயரையும் தேதியையும் அதில் எழுதச் சொல்லுங்கள். வயோமிங்கிலுள்ள இன்டிபென்டன்ஸ் பாறையில் பயணிகள் இவ்வாறு பெயர் பொறித்தார்கள். ஜூலை 4ஆம் தேதியை ஒட்டி அந்த இடத்தை அடைந்துவிட்டால், பனி விழும் முன் மலைகளைக் கடந்துவிடலாம் என்பது அவர்களின் கணக்கு. வருகைப் பதிவேடும் உங்களுக்குத் தானே கிடைத்துவிடும். பின்னர் பதினைந்து நிமிடம் வரைபடமும் வாசிப்பும், இருபத்தைந்து நிமிடம் வண்டி, இருபது நிமிடம் வெண்ணெய், மீதி நேரம் மேசைகள். வரைபடத்தை வண்டிக்கு முன்பே வைப்பதற்குக் காரணம் உண்டு: யாருடைய நிலத்தின் வழியே போகிறோம் என்பதை அறிந்த பிறகே குழந்தைகள் வண்டியை நிரப்ப வேண்டும்.

நிகழ்ச்சி முடிந்ததும் காட்சி மேசையிலிருந்து எந்த நூல்கள் இரவலாகச் சென்றன என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டுக்கான வாங்கல் பட்டியலுக்கு அது உதவும். எடை அட்டைகளையும் வரைபடத்தையும், குழந்தைகளின் 'ஏன்?' என்ற கேள்விக்கு நீங்கள் எழுதிவைத்த விடைகளையும் ஒரே பெட்டியில் இட்டு, மேலே பெயர் எழுதிப் பணியாளர் அறையில் வையுங்கள். டேப்பை மட்டும் அன்று மாலையே தரையிலிருந்து உரித்துவிடுங்கள். ஓரிரு நாள் விட்டால் பசை தரைவிரிப்பில் ஒட்டிக்கொள்ளும்.